அம்மாவின் கல்யாணப் பட்டு: கட்டவா, வெட்டவா, விற்கவா?

கொல்கத்தாவின் டிரங்குப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான சிவப்புப் பனாரசிகள் மடிப்பு மடிப்பாக நைந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு என்ன வழி?

ஆவணி பிறந்து மழை இரண்டு நாள் ஓய்ந்தால் போதும், ஷ்யாம்பஜார், பாக்பஜார் பக்கத்துப் பழைய வீடுகளில் மொட்டைமாடிக் கதவு திறந்துவிடும். வங்காளிகளுக்கு அது பாத்ர மாதம். நமக்கு ஆடியும் மார்கழியும் போல, அவர்கள் கல்யாணம் வைக்காத மாதங்களில் ஒன்று. கல்யாணமே நடக்காத அந்த மாதத்தில்தான் கல்யாணப் புடவைகள் வெளியே வருகின்றன. மழையில் ஈரம் ஏறிய அலமாரிகளையும் இரும்பு டிரங்குகளையும் காலி செய்து மெத்தை, கம்பளி, புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் வெயில் காட்டுவது அங்கே பாட்டி காலத்து வழக்கம். பருத்தியும் கம்பளியும் மாடிக்குப் போகும். பட்டு மட்டும் தாழ்வாரத்து நிழலில், உட்புறம் வெளியே தெரிய, கட்டில்மேல் விரிக்கப்படும். அறை முழுக்கப் பாச்சா உருண்டை வாசனையும், துணி முடிச்சில் கட்டிப் போட்ட கருஞ்சீரகத்தின் வாசனையும்.

மருமகள் ஒரு முனையைப் பிடிக்க, மாமியார் மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுக்கிறார். சர்ரென்று ஒரு சத்தம். முந்தானைக்கு ஒரு முழம் தள்ளி, வருஷக்கணக்காக மடிப்பு ஓடிய இடத்தில், பட்டு நேர்கோடாகப் பிளந்துகொள்கிறது. இருவரும் பேசுவதில்லை. தெருவில் பாத்திரக்காரியின் குரல் கேட்கிறது. தலைக்கூடையில் எவர்சில்வர் டேக்சா, டிபன் கேரியர், சல்லடை. பழைய துணி கொடுத்தால் பாத்திரம். வங்க மொழியில் அவளுக்கு ‘பாஷன்வாலி’ என்று பெயர். கூப்பிடுவதா வேண்டாமா?

கொல்கத்தாவில் பாத்ர மாதம்தோறும் அரங்கேறும் காட்சி இது. கேள்வி மட்டும் கொல்கத்தாவோடு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் ஆலியா பட் தேசியத் திரைப்பட விருதை வாங்க மேடையேறியபோது கட்டியிருந்தது அவருடைய கல்யாணப் புடவை. வடிவமைத்தவர் கொல்கத்தாக்காரரான சவ்யசாச்சி முகர்ஜி. 2024 ஏப்ரலில் சமந்தா, கோவாவில் 2017-ல் நடந்த தன் கல்யாணத்தின் வெள்ளை கவுனை, அதைத் தைத்த கிரேஷா பஜாஜிடமே கொடுத்துக் கறுப்பு உடையாக மாற்றிக்கொண்டார். கைதட்டியவர்கள் பாதி, கைபிசைந்தவர்கள் பாதி. 2025-ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு, ‘பழைய பட்டுப் புடவை, ஜரிகைப் புடவை வாங்கறது’ என்று தெருவில் போகிறவரின் குரல் வேறு மாதிரிதான் கேட்கிறது.

ஏன் சிவப்பு, ஏன் பனாரஸ்?

வங்காளத்துக்கென்று சொந்தமாக ஒரு கல்யாணப் பட்டு இருந்தது. முர்ஷிதாபாத் பக்கம் நெய்யப்பட்ட பாலுசரி. முந்தானையில் ஹூக்கா பிடிக்கும் நவாபும் ரயில்வண்டியும்கூட வரும். அதன் கடைசிப் பெரிய நெசவாளர் துப்ராஜ் தாஸ் 1903-ல் மறைந்தபோது அந்த நெசவும் ஏறக்குறைய மறைந்தது. தாகூர் குடும்பத்து ஓவியர் சுபோ தாகூரின் முயற்சியால் 1950-களின் பிற்பகுதியில் விஷ்ணுபூரில் அது மறுபடி உயிர்பெற்றது. அதற்குள் மணமேடையைக் காசிப் பட்டான பனாரசி பிடித்துவிட்டது. காலேஜ் ஸ்ட்ரீட், பர்ராபஜார், கரியாஹாட் கடைகளில் இன்றைக்கும் பெண்வீட்டார் முதலில் கேட்பது சிவப்புப் பனாரசிதான். தேசப் பிரிவினையின்போது காசியிலிருந்து கிழக்கே போன நெசவாளர்கள் டாக்காவின் மீர்பூரில் தறி போட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் மணப்பெண்ணுக்குப் பனாரசிதான்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெட்டி இரண்டு மடங்கு கனம். தலைமுறைகளாக அங்கே இருக்கும் குடும்பங்களில் பெண்ணுக்கு வங்காளி மாப்பிள்ளை வருவது இப்போது செய்தியே அல்ல. காலையில் அரக்கு நிறக் கூறைப்புடவை, இரவில் சிவப்புப் பனாரசி. இரண்டும் ஒரே அலமாரிக்குள் போகின்றன. ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டத் தெரிந்தவர் வீட்டில் பாட்டி ஒருவர்தான் என்றால், அந்தப் புடவை அடுத்து எப்போது வெளியே வரும் என்று சொல்லவேண்டியதில்லை.

பெட்டிக்குள் பத்திரமா?

நம் வீடுகளில் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு. தொடாமல் வைத்தால் புடவை பிழைக்கும். கல்யாணத்தன்று ஒருநாள், அப்புறம் வளைகாப்புக்கோ துர்கா பூஜை அஷ்டமி மாலைக்கோ ஒருநாள், பிறகு உள்ளே. உண்மை இதற்கு நேர்மாறானது. பட்டை அதிகம் கொல்வது பெட்டிதான்.

ஜரிகை என்பது உலோகம். அசல் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளித் தகட்டிழை, அதன்மேல் தங்க முலாம். பட்டு வளையும், உலோகம் அந்த அளவுக்கு வளையாது. ஒரே மடிப்பில் பத்து வருஷம் கிடந்தால் மடிப்பின் முதுகில் உலோகம் முறிந்து பக்கத்து இழையை அறுக்கும். மேலே பார்த்த அந்தச் சர்ர் சத்தம் இப்படித்தான் வருகிறது. கல்யாணத்தன்று பட்ட வியர்வையும், தெறித்த பன்னீரும், கைதவறிய சர்பத்தும் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. வருஷங்கள் கழித்துப் பழுப்புத் திட்டாக எழுந்து வரும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்தால் அந்தக் கஞ்சிக்கே வெள்ளிமீன் பூச்சி தேடி வரும். ஈரம் என்ன செய்யும் என்று கொல்கத்தாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஜூலையில் செருப்பிலேயே பூஞ்சை பூக்கிற ஊர் அது. பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

இதைப் படிக்கிற சென்னை வாசகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டாம். கடற்கரை ஊர் எதற்கும் இதே கதைதான்.

■ பெட்டிச் செய்தி: வைப்பதுதான் முடிவு என்றால்

வைப்பதற்கு முன் ஒருமுறை உலர்சலவை. கறை எங்கே, எதனால் என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சலவைக்குப் பிறகு கஞ்சி வேண்டாம்.

துவைத்து மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியில், பழைய வேட்டி என்றால் இன்னும் நல்லது, சுற்றி வைக்கலாம். பிளாஸ்டிக் உறை, செய்தித்தாள், கடைக்காரர் தந்த அட்டைப்பெட்டி எதுவும் ஆகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பு வேறு இடத்தில் விழுமாறு மடிக்க வேண்டும். கனமான ஜரிகைப் புடவையை மடிக்காமல் உருளையில் சுற்றினால் இன்னும் உத்தமம். இரும்பு ஹேங்கரில் தொங்கவிட்டால் அதன் கனமே அதைக் கிழிக்கும்.

பாச்சா உருண்டை ஜரிகையில் படக்கூடாது. கருஞ்சீரகமோ வேப்பிலையோ தனி முடிச்சில் இருக்கட்டும்.

கிழிசல் சிறிதாக இருக்கும்போதே ரஃபு போடுகிறவரிடம் கொண்டுபோக வேண்டும். அடியில் மெல்லிய துணி கொடுத்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் தாங்கும்.

எடைக்குப் போனால்

பாத்திரக்காரியிடம் பேரம் எப்போதும் புடவை எண்ணிக்கையில் நடக்கும். நாலு பருத்தி, இரண்டு சின்தெடிக், ஒரு பட்டு. பதிலுக்கு ஒரு அடிகனமான பாத்திரம். பட்டு ஒன்று உள்ளே வந்ததும் அவள் குரல் சற்று இறங்குவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், லாபம் எங்கே என்று. அவளைக் குறை சொல்வதற்கில்லை. விடியலில் கிளம்பிப் பாதி நகரத்தைக் காலால் அளக்கும் உழைப்பு அது. அவள் வாங்கிப் போகும் துணி பிரிக்கப்பட்டு, தைக்கப்பட்டு, துவைக்கப்பட்டு, இன்னோர் ஏழைப் பெண்ணின் உடுப்பாகச் சந்தைக்கு வரும். இந்தியாவில் பழைய துணி வீணாகாமல் ஓடுவதற்கு இந்தப் பெண்களும் ஒரு காரணம்.

ஜரிகைக்காரர் கதை வேறு. அவருக்குப் புடவை வேண்டாம், சாம்பல்தான் வேண்டும். கரையையும் முந்தானையையும் வெட்டி எரித்து, மிஞ்சுவதை உருக்கி வெள்ளி எடுப்பார். அமிலத்தில் தங்கம் பிரியும். உடல் பட்டு கந்தலாகப் போகும். இதில் பாவம் எதுவும் இல்லை. மக்கி உதிர்கிற, எந்த ரஃபுவுக்கும் அடங்காத புடவைக்கு இது நியாயமான முடிவுதான். கோபம் வருவது வேறு இடத்தில். நல்ல நிலையில் இருக்கும் நாற்பது வருஷத்துப் பனாரசியை, இனி அப்படி ஒரு நெசவு கிடைக்குமா என்று யோசிக்காமல், எடைக்குத் தள்ளிவிடுவது. கட்வா என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பூவையும் தனித்தனியாக, பின்பக்கம் இழை தொங்காமல் தறியிலேயே கோக்கும் முறை. அப்படி நெய்த புடவையின் கூலியை வெள்ளி விலையில் கண்டுபிடிக்க முடியாது.

■ பெட்டிச் செய்தி: ஜரிகையில் என்ன இருக்கிறது?

காஞ்சிபுரம் அசல் ஜரிகைக்கு வெகுகாலம் இருந்த அளவு: 57 விழுக்காடு வெள்ளி, 0.6 விழுக்காடு தங்கம். பின்னாளில் விலை ஏறியதால் வெள்ளி 40 ஆகவும் தங்கம் 0.5 ஆகவும் குறைந்து, செம்பு கூடியது.

பழைய அளவில் நெய்த புடவையிலிருந்து 100 கிராம் ஜரிகை கிடைத்தால் அதில் 57 கிராம் வெள்ளி. கிலோ ஒரு லட்சம் என்று வைத்தாலே 5,700 ரூபாய். பாத்திரத்துக்கு மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அசலா என்று அறிய: ஜரிகை நூல் ஒன்றைப் பிரித்துச் சுரண்டினால் காஞ்சிபுரம் அசலில் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். வெளிறிய பாலியஸ்டர் தெரிந்தால் அது போலி. பனாரசிலும் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தவை பெரும்பாலும் போலி ஜரிகைதான். அம்மாவின் புடவையில் வெள்ளி இருக்கலாம், மகளுடையதில் இருக்க வாய்ப்புக் குறைவு.

வெட்டுவது பாவமா?

வங்காளம் இந்தக் கேள்விக்கு என்றோ பதில் சொல்லிவிட்டது. அதன் பெயர் காந்தா.

பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் நாலைந்து அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓட்டுத்தையலால் குறுக்கும் நெடுக்கும் சேர்த்துவிடுவார்கள். நூலும் கடையில் வாங்கியதல்ல, பழைய புடவைக் கரையிலிருந்து உருவியது. குளிருக்குப் போர்த்தும் லேப் காந்தா, விருந்தாளிக்கு விரிக்கும் சுஜனி, கண்ணாடியை மூடும் ஆர்ஷிலதா, புத்தகத்தையும் வேட்டியையும் சுற்றிவைக்கும் பைதன், வெற்றிலைப் பை என்று வீட்டின் மூலைக்கு மூலை ஒரு காந்தா. எல்லாவற்றையும்விட முக்கியமானது பிறந்த குழந்தையைச் சுற்றுவது. புதுத்துணியைக் குழந்தை மேல் போடமாட்டார்கள். கண் படாதிருக்கவும், தோலில் உறுத்தாதிருக்கவும் பழசுதான். நம் தாய்மாரும் இதைத்தானே செய்தார்கள்! பாட்டியின் நைந்த நூல்புடவையில் கட்டாத தூளி எந்த ஊரில் உண்டு?

இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கொல்கத்தாவின் தென்கோடியில் ஜோகாவுக்குப் போகவேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே ஊர் ஊராகக் காந்தா சேர்த்த குருசதய் தத்தின் (1882–1941) சேகரிப்பு அங்கே 1963-லிருந்து அருங்காட்சியகமாக இருக்கிறது. குல்னா பக்கத்து மானதாசுந்தரி தாசி 19-ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா அதில் புகழ்பெற்றது. பெயர் சொல்லிக் கையெழுத்துப் போட்ட கலைஞர்களில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில், பழைய துணியில் ஊசியால் தன் பெயரை எழுதி வைத்தவர் அவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்த காந்தாக்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே கட்டடத்தில்தான் மொனாக்கோ இளவரசரை 1956-ல் மணந்த நடிகை கிரேஸ் கெல்லியின் கல்யாண கவுனும் இருக்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோ தைத்துக்கொடுத்த ஒருநாள் உடுப்பும், வங்கக் கிராமத்துப் பெண்கள் வாழ்நாளெல்லாம் உடுத்திக் கிழிந்த புடவையும் ஒரே கூரையின்கீழ்.

2008-ல் நக்‌ஷி காந்தாவுக்கு மேற்கு வங்கத்தின் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. சோனார்பூரைச் சேர்ந்த ப்ரீதிகனா கோஸ்வாமிக்கு 2023-லும் பீர்பூமைச் சேர்ந்த தக்தீரா பேகத்துக்கு 2024-லும் பத்மஸ்ரீ. இன்று கடைகளில் காந்தா என்று விற்பது பெரும்பாலும் புதுத் தசர் பட்டின்மேல் போட்ட தையல். அழகுதான், சம்பாத்தியமும்தான். பழசை வாழவைப்பது என்ற அடிப்படை மட்டும் அதில் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காந்தாவுக்குப் போனது தினசரி உடுத்திய பருத்தி. கல்யாணப் பனாரசியை எந்தப் பாட்டியும் காந்தாவாக வெட்டவில்லை. ஜரிகை குத்தும், ஊசி இறங்காது, துவைக்க முடியாது. ஆக, ‘வங்காளிகள் எல்லாவற்றையும் காந்தா ஆக்கினார்கள், நாமும் வெட்டுவோம்’ என்று கத்தரிக்கோலைத் தூக்குகிறவர்கள் சற்று நிதானிக்கலாம். கல்யாணப் பட்டை வெட்டுவதற்கு வேறு இலக்கணம் இருக்கிறது.

தென்கொல்கத்தா பொட்டிக் தையல்காரர்களிடம் கேட்டால் முதலில் புடவையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். நைந்த இடம் ஒளியில் தெரியும். உடல் போய்க் கரை நன்றாக இருந்தால் கரையைப் பெயர்த்துப் புதுப் பட்டில் வைப்பார்கள். முந்தானை மட்டும் பிழைத்திருந்தால் அது துப்பட்டாவாகும், அல்லது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் ஏறும். உடல் பலமாக இருந்தால் உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து மகளுக்கு லெஹங்கா, நீளக் குர்த்தா. மிச்சத்தில் ரவிக்கைகள், கைப்பை, பேரக்குழந்தையின் அன்னப்பிராசனத்துக்கு ஒரு சின்னப் பாவாடை. லைனிங் இல்லாமல் பழைய பட்டைத் தைத்தால் முதல் நாளே தையல் ஓரம் விட்டுப்போகும். கூலி குறைவு என்று இதை ஒப்புக்கொள்கிற தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். சோபா மெத்தையுறை தைப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. உட்கார்ந்து தேய்ப்பதற்கா அது?

கொல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதியில் கம்பியால் பூவேலை செய்யும் ஜர்தோசிக்காரர்களிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் நாடிழந்து கல்கத்தாவுக்கு வந்து, மேட்டியாபுரூஸில் குடியமர்ந்தபோது அவரோடு தையல்காரர்களும் வந்தார்கள். அந்தப் பகுதி இன்றும் தையல் பூமிதான். முஸ்லிம் மணப்பெண்களின் கராரா, லெஹங்காவில் அடித்துணி மக்கிவிட்டாலும் மேலே உள்ள கம்பி வேலைப்பாட்டை ஓரம் வெட்டிப் பெயர்த்து, புதுத்துணியில் பதித்துத் தைத்துவிடுவார்கள். துணி புதிது, பூ பாட்டியுடையது.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வெள்ளை கவுனுக்குச் சிக்கல் அதிகம். வெள்ளை மஞ்சளாகும், லேஸ் இற்றுப்போகும், தைத்த அளவு இன்னொருத்திக்குப் பொருந்தாது. அதைச் சுருக்கிக் குழந்தையின் ஞானஸ்நான உடுப்பாகத் தைப்பது கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம்.

இன்னொருத்தி கட்டினால்

1942 மார்ச் 26-ல் அலகாபாத்தில் இந்திராவின் கல்யாணம். பட்டு இல்லை, பனாரஸ் இல்லை. நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ப் புடவை. 1968-ல் மருமகள் சோனியாவும் 1997-ல் பேத்தி பிரியங்காவும் தங்கள் கல்யாணத்தில் உடுத்தியது அதே புடவையை. ஆறு கஜத் துணிக்கு இருக்கும் பெரிய வசதி இது. யார் உடம்புக்கும் பொருந்தும்.

குடும்பத்துக்குள் கைமாறுவது சுலபம். வெளியே கொடுக்கும்போதுதான் தடைகள் முளைக்கின்றன. ‘வாழ்ந்தவள் புடவையா, போனவள் புடவையா’ என்று விசாரிப்பார்கள். விவாகரத்தானவரின் புடவை என்றால் வாங்குகிற கை பின்வாங்கும். கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றால் அதுவும் ஆகாது. காளிகாட்டிலும் சரி, காஞ்சியிலும் சரி, ஒருத்தி உடுத்தியதை அம்மனுக்குச் சாத்தும் வழக்கமில்லை.

கேரளத்தில் ஒருவர் இந்தத் தடையைச் சுலபமாகத் தாண்டிவிட்டார். வளைகுடாவிலிருந்து திரும்பி டாக்சி ஓட்டிய நாசர் தூதா, 2020-ல் மலப்புரம் மாவட்டத்தில் தன் வீட்டிலேயே ‘டிரஸ் பேங்க்’ ஆரம்பித்தார். கல்யாண உடைகளைத் தானமாகப் பெற்று, உலர்சலவை செய்து, வசதியில்லாத மணப்பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார். முன்பு உடுத்தியவளின் வாழ்க்கை வரலாறு எதுவும் அங்கே கேட்கப்படுவதில்லை. ஒருநாள் கூத்துக்கு மீசை சிரைத்த கதையாகக் கடன் வாங்குகிற வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன? தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒன்று இப்படி வந்தால் நல்லது. அலமாரியில் நான்கு பட்டு சும்மா இருக்கும் வீடுகள் நம்மிடம் குறைவா என்ன?

வங்காளத்தில் இந்த விஷயத்துக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. கணவன் போனதும் பெண் கரையில்லாத வெள்ளைத் துணிக்கு மாறவேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். சிவப்புப் பனாரசி அன்றோடு அவளுடையதல்ல. மகளுக்கோ மருமகளுக்கோ போகும். 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்து, அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று கல்கத்தாவில் சீர்திருத்தவாதி வித்யாசாகர் முன்னின்று முதல் மறுமணத்தை நடத்தியபோது, சாந்திபூர் நெசவாளர்கள் அவர் நீடு வாழவேண்டும் என்ற வாழ்த்தைப் புடவைக் கரையிலேயே நெய்து விற்றார்கள். ஒரு பெண் எந்தப் புடவையை உடுத்தலாம் என்ற சண்டைக்குப் புடவையே பதில் சொன்ன சம்பவம்.

அம்மாக்கள் சிலர் எவ்வளவு கேட்டும் கல்யாணப் புடவையைத் தரமாட்டார்கள். காரணமும் சொல்லமாட்டார்கள். கணவனுக்கு முன்னால் போனால் கல்யாணப் புடவையோடு தன்னை அனுப்பவேண்டும் என்ற ஆசை அது. நம்மிடம் கூறைப்புடவையோடும் வங்காளத்தில் பனாரசி, நெற்றிச் சிந்தூர், பாதத்துச் செஞ்சாயமான ஆல்தாவோடும் அனுப்பும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தப் புடவையை ‘வீணாகக் கிடக்கிறது’ என்று சொல்லிவிடாதீர்கள்.

யாருடைய புடவை?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிரதிபா ராணி எதிர் சூரஜ் குமார் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த நகையும் துணியும் பிறவும் அவளுடைய ஸ்ரீதனம், முழு உரிமையும் அவளுக்கே. புகுந்த வீட்டு அலமாரியில் இருப்பதால் அது கூட்டுச் சொத்தாகிவிடாது. 2024-லும் அதே நீதிமன்றம் கணவனுக்கு ஸ்ரீதனத்தில் பங்கில்லை என்று மறுபடி உறுதிப்படுத்தியது. பிரிந்து வரும் பெண்கள் நகையைத்தான் பட்டியல் போடுகிறார்கள். புடவையை மறந்துவிடுகிறார்கள். அது கசப்பான நினைவாக இருக்கலாம், ஆனால் அவள் பொருள். எரிப்பதா, கறுப்பாகச் சாயம் ஏற்றுவதா, விற்பதா என்பதை அவள் சொல்லட்டும். அப்படிப் பிரிந்து வந்த சமந்தாவின் கவுனுக்கு ஊரே பஞ்சாயத்து கூட்டியது எந்த நியாயத்தில் என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் நடப்பது சட்டத்துக்குத் தலைகீழ். பெரும்பாலும் புடவைக்காரியைத் தவிர எல்லோரும் முடிவெடுக்கிறார்கள். வீடு மாறும்போது மகன், அலமாரி சுத்தம் செய்யும்போது மருமகள், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அக்கம்பக்கம்.

இனி வருவது இன்னும் மோசம்

இதுவரை பேசியது பிரச்சினையின் சுலபமான பாதி. இப்போது கட்டப்படும் கல்யாண உடைகளை 2050-ல் என்ன செய்வது?

பழைய பட்டுக்கு நாலு கதி இருந்தது: கட்டலாம், கைமாற்றலாம், வெட்டித் தைக்கலாம், கடைசியில் உருக்கலாம். இன்றைய மணப்பெண்ணின் கனத்த லெஹங்காவில் நெட் துணி, பாலியஸ்டர் சாட்டின், பசை வைத்து ஒட்டிய கற்கள், பிளாஸ்டிக் சமிக்கி. துவைக்க முடியாது. ஒருத்தியின் இடுப்பளவுக்குத் தைத்தது, தங்கைக்குக்கூடப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். ஈரத்தில் பசை விட்டுக் கற்கள் உதிரும். வெட்டினால் வேலைப்பாடு கலைந்து கொட்டும். எரித்தால் வெள்ளி வராது, நச்சுப்புகைதான் வரும். பாலியஸ்டர் ‘பனாரசி’யும் இதே வகை. மக்காது, காந்தாவாகாது, பாத்திரக்காரிகூட முகம் சுளிப்பாள். விலையோ பட்டைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் நிறம், கரை, விலை எல்லாம் கேட்கிறார்கள். ‘இருபது வருஷம் கழித்து இதை என்ன செய்யலாம்?’ என்று கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். நல்ல நெசவு விற்கிறவருக்குப் பதில் தெரியும்.

எங்கள் தீர்ப்பு

நல்ல நிலையில் இருந்தால் கட்டுங்கள். தீபாவளி, பொங்கல், அடுத்த வீட்டுக் கல்யாணம் என்று சாக்கு எதுவானாலும் சரி. கட்ட ஆளில்லை என்றால் கட்டுகிறவருக்குக் கொடுங்கள், பணமோ பழங்கதையோ கேட்காமல். நைந்திருந்தால் லைனிங் கொடுத்துத் தைக்கத் தெரிந்தவரிடம் வெட்டக் கொடுங்கள். உதிர்கிற நிலை என்றால் மட்டும் ஜரிகைக்காரர், அதுவும் எடை தெரிந்த பிறகு. அபூர்வ நெசவு என்று தோன்றினால் எடைக்குப் போடும் முன் அருங்காட்சியகத்திலோ துணி ஆவணக் காப்பகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள். கொல்கத்தாவின் பாலிகஞ்சில் இருக்கும் வீவர்ஸ் ஸ்டுடியோ ஆய்வு மையம் போன்ற சேகரிப்புகள் பழைய வங்கத் துணிகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகின்றன.

எந்த வழி என்றாலும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதுங்கள்: யாருடைய புடவை, எந்த வருஷம், எந்த ஊர், எந்தக் கடை, என்ன விலை, அதற்குப் பிறகு யார் யார் எப்போது கட்டினார்கள். மை கசியும், பென்சில் கசியாது. அந்தத் தாளைப் புடவைக்குள் வைக்காமல், சுற்றிய துணியின் வெளிமடிப்பில் செருகி வையுங்கள். அந்த விவரங்களைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இப்போது இருக்கிறார் என்றால், இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.